நீர் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள்: சுங்கை பூலோ குளங்களுக்கு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போய்விட்டு "பறவை ஒன்றையும் காணோமே" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். இடத்தில் குறை ஒன்றுமில்லை. அவர்கள் போன மணிதான் சரியில்லை. விடியற்காலையில் போனால் பறவை பார்க்கலாம் என்பது காட்டுக்கும் தோட்டத்துக்கும் சரி. இந்த உவர்நீர்க் குளங்களில் கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது என்பதுதான் கணக்கு. அதைப் பார்க்காமல் குறித்த நாள் பெரும்பாலும் வீணாகும்.

குளங்கள் எப்படி வேலை செய்கின்றன

முதலில் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இப்போது காப்பகமாக இருக்கும் குளங்களில் பல, ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். சதுப்புநிலத்தைச் சுற்றி மண்கரை கட்டி, கடல் பக்கம் ஒரு மதகு வைத்தார்கள். ஏற்றத்தின்போது மதகைத் திறந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் உள்ளே வரும். மதகை மூடிவிட்டு அவற்றை வளர்ப்பார்கள். அறுவடைக்கு, நீர் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்து வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள்.

கைவிடப்பட்ட அந்தக் குளங்களில் வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்குவதை மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் 1986இல் கவனித்து, இடத்தைக் காக்க வேண்டுமென்று அரசிடம் கேட்டார்கள். 1989இல் அது இயற்கைப் பூங்காவாகக் குறிக்கப்பட்டு, 1993 டிசம்பர் 6 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டர் நிலம் சட்டப்படியான இயற்கைக் காப்பகமாயிற்று. அடுத்த ஆண்டே ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது. சிங்கப்பூரில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் இதுதான்.

மதகுகள் இன்றும் வேலை செய்கின்றன, ஆனால் இறாலுக்காக அல்ல, பறவைகளுக்காக. கரைப்பறவைகள் கடல் வற்றியிருக்கும்போது கிழக்கே மண்டாய் சேற்றுத்திட்டில் புழுவும் நண்டும் மேயும். நீர் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் அவற்றுக்குக் கால் ஊன்ற இடமில்லை. அந்த நேரத்தில் வெளியே கடல் ஏறியிருந்தாலும், மதகு கட்டுப்பாட்டில் உள்ள குளத்தில் நீரைத் தாழ்வாக வைத்துக்கொண்டால் சேற்றுமேடு தெரியும். பறவைகள் அங்கே வந்து இறங்கி ஓய்வெடுக்கும். வெளியே கடல் நிறைந்திருக்கும்போது உள்ளே பறவை நிறைவதற்குக் காரணம் இதுதான். கடல் வற்றியதும் அவை மீண்டும் மண்டாய்க்குப் போய்விடும். காலியான குளத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள்.

படி 1: மாதம்

வலசைப் பறவைகளுக்காக என்றால் செப்டம்பர் முதல் மார்ச் வரை. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வலசைப் பாதையில் இது ஓர் இடைத்தங்கல். சில பறவைகள் சில நாள் தங்கி உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டு தெற்கே போகும், சில இங்கேயே பருவம் முழுதும் இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் மிக நல்லவை. டிசம்பர், ஜனவரியில் பறவைகள் இருந்தாலும் வடகிழக்குப் பருவமழை நாளைக் கெடுக்கும். மார்ச் கடைசியில் எண்ணிக்கை குறையத் தொடங்கினாலும், சில பறவைகள் இனப்பெருக்கக் கால நிறத்துக்கு மாறியிருக்கும். பொன் உப்புக்கொத்தியின் வெளிறிய வயிறு கன்னங்கரேலென்று மாறுவதை அப்போதுதான் பார்க்க முடியும்.

ஜூன், ஜூலையில் வருகிறவர்கள் கரைப்பறவைகளை மறந்துவிட வேண்டும். முதலை, உடும்பு, நீர்நாய், நாரை, மீன்கொத்தி, சேற்றுத்தாவி, மரங்கள் எல்லாம் ஆண்டு முழுதும் உண்டு. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அதுவே போதும்.

படி 2: ஓத அட்டவணை

கடல்நீர் ஏறி இறங்குவதுதான் ஓதம். சிங்கப்பூரில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன சனிக்கிழமை நன்றாக இருந்த அதே மணிக்கு இந்தச் சனிக்கிழமை போனால் நேர் எதிர்மாறாக இருக்கலாம்.

வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் பெரிது: நீர் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் சோம்பலாக இருக்கும். நாளை இப்படிக் குறித்துக்கொண்டு, சரியான மணியை இணையத்தில் உள்ள சிங்கப்பூர் ஓத அட்டவணையில் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் மணியும் மீட்டரில் உயரமும் இருக்கும். 3 மீட்டரை ஒட்டிய ஏற்றம் காலை 10 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே வரும் நாள் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். பெரிய ஓத நாள்களில் பகல் ஏற்றம் பெரும்பாலும் அந்த வேளையை ஒட்டித்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை. அட்டவணையில் உள்ள நேரம் குறிப்பிட்ட ஒரு துறைமுக இடத்துக்கானது. சுங்கை பூலோ, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே உள்ள ஜோகூர் நீரிணையின் கரையில் இருக்கிறது. கடற்பாலம் அந்த நீரிணையைக் குறுக்கே அடைத்திருப்பதால் நீரோட்டம் தென்கரையைப் போல இருக்காது. ஆகவே குறித்த நிமிடத்துக்கு ஓடிப்போய் நிற்காமல், முன்னும் பின்னும் தாராளமாக நேரம் விட்டுக்கொள்ளுங்கள்.

சேற்றில் வாழ்வனவற்றைப் பார்க்க வேண்டும் என்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை சதுப்புநில நடைபாலத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம். அதற்கான வழி கீழே இருக்கிறது.

படி 3: பையில் என்ன

இருநோக்கி 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். குளத்தின் மறுகரையில் நிற்கும் பறவையின் கால் நிறத்தைப் பிரித்தறிய முக்காலியோடு கூடிய தொலைநோக்கி உதவும், ஆனால் முதல் தடவைக்குத் தேவையில்லை. ஒளிப்படக்காரர்களுக்கு 400 மி.மீ. லென்ஸ்தான் தொடக்கம். ஃபிளாஷ் வேண்டாம்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். உள்ளே கடை இருக்கும் என்று நம்பி வர வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இங்கே நீண்டவால் குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்து நடந்தால் உணவென்று நினைத்துப் பறிக்க வரும். எல்லாம் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

கொசுவுக்கும் மணல் ஈக்கும் முழுக்கால் சட்டையும் மெல்லிய முழுக்கைச் சட்டையும் எந்தத் தைலத்தையும்விட மேல். டீட் (DEET) என்ற கொசுவிரட்டி கலந்த தைலம் பூசினால் கையைத் துடைத்துவிட்டு இருநோக்கியைத் தொடுங்கள், அது பிளாஸ்டிக்கையும் ரப்பர் உறையையும் கரைக்கும். சட்டை மங்கிய பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டை சேற்றுப்பரப்பின் மறுகரையிலிருந்தே தெரியும். மழைக்குக் குடை வேண்டாம், மழைச்சட்டை கொண்டுவாருங்கள். பறவைகளுக்கு எதிரே குடை விரிந்தால் கூட்டமே எழுந்துவிடும்.

படி 4: போகும் வழி

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து. கிராஞ்சி நீர்த்தேக்க 'பி' கார் நிறுத்துமிட நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே கிராஞ்சி வேயில் வருகையாளர் நிலையம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் பேருந்துச் சேவை மாறும் என்பதால் கிளம்பும் முன் செயலியில் பார்த்துவிடுங்கள். பேருந்து அடிக்கடி வராது, திரும்பும் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மற்றொரு வாசல் நியோ தியூ கிரசென்டில் உள்ள ஈரநில நிலையம். காரில் வந்து, பறவைகளை மறைந்திருந்து பார்க்கும் மறைவிடத்துக்கு நேராகப் போக விரும்புகிறவர்களுக்கு அதுவே அருகில்.

நுழைவு இலவசம். காலை 7 முதல் மாலை 7 வரை. கழிப்பறைக்கு இந்த இரண்டு நிலையங்களையே நம்புங்கள், நடைபாதைக்குள் போகும் முன் அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பாதைகள் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடப்படும். அறிவிப்பு தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் வரும்.

படி 5: நீரோடு சேர்ந்து நடப்பது

முற்பகல் 11 மணிக்கு ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குக் கிராஞ்சி வே பக்கம் இறங்குங்கள். அப்போது நீர் பாதிதான் ஏறியிருக்கும், சேறு இன்னும் தெரியும். வருகையாளர் நிலையத்தை ஒட்டிய சதுப்புநிலப் பகுதியில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள கரையோரப் பாதையில் மேற்கே நடங்கள். கடலைப் பார்த்த மேடைகள் ஒவ்வொன்றிலும் நிறுத்துங்கள். எதிர்க்கரையில் ஜோகூரின் கட்டடங்கள். அவற்றின் பின்னணியில் வெண்வயிற்றுக் கடற்கழுகும் செம்பருந்தும் வட்டமிடும். ஒன்பதேகால் வாக்கில் பெரிய பாலம். ஒன்பதரைக்குப் பிரதான மறைவிடத்தில் உட்கார்ந்துவிட்டால், நீர் ஏற ஏறப் பறவைகள் தொகுதி தொகுதியாக வந்து இறங்குவதை முழுதாகப் பார்க்கலாம். ஏற்றம் உச்சத்தை அடைந்தபின் வந்தால் அவை ஏற்கெனவே தலையை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருக்கும். அலகும் தெரியாது, நடையும் தெரியாது, இனம் காண்பது கடினம்.

பதினொன்றரைக்குப் பிறகு வலசைப் பறவைப் பாதையின் மீதிச் சுற்று. அது மொத்தம் 1.95 கிலோமீட்டர். நிழல் குறைந்த பகுதிகள் உள்ள பாதை அது, முதியவர்களோடு வந்திருந்தால் விட்டுவிடலாம். 18 மீட்டர் உயரமுள்ள 'ஏரி' (Aerie) என்ற பார்வைக் கோபுரத்தில் ஏறினால் குளங்களின் அமைப்பு, கரை, மதகு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். இடி கேட்டால் கோபுரத்தில் இருக்காதீர்கள், உடனே இறங்கி நிலையத்துக்குத் திரும்புங்கள். பிற்பகல் மழை இங்கே இடியோடுதான் வரும்.

மறைவிடத்தில்

மறைவிடத்தில் செய்ய வேண்டியது குறைவு. உட்காருங்கள், பேச்சைக் கிசுகிசுப்பாக்குங்கள், கையையும் லென்ஸையும் சாளரத்துக்கு வெளியே நீட்டாதீர்கள். பறவைக்கு நிறத்தைவிட அசைவுதான் பயம். ஒரு கூட்டம் ஒரு தடவை மிரண்டு எழுந்தால் அது வெறும் காட்சி அல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்காகச் சேர்த்த கொழுப்பை அந்தப் பறவைகள் அங்கேயே செலவழிக்கின்றன. ஒரு படத்துக்காகக் கைதட்டி எழுப்புகிறவர்களை அருகில் இருப்பவர்கள் கண்டிக்கத் தயங்க வேண்டாம்.

இனம் காண மூன்றைப் பாருங்கள்: கால் நிறம், அலகின் வளைவு, நடை. காவி கலந்த சிவப்புக் கால்கள் இருந்தால் பவளக்காலி. அது பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும், வேறெதோடும் குழம்ப வழியில்லை. அதைவிடச் சற்றுப் பெரிதாய், பச்சை கலந்த சாம்பல் கால்களோடு, அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் பச்சைக்காலி. கோழியளவு உடலில் நீண்ட அலகு கீழ்நோக்கி வளைந்து, தலையில் கரும்பட்டைகள் இருந்தால் விம்பிரல். நாலடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து கொத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி.

காலில் வண்ணப் பட்டை கட்டிய பறவை தெரிந்தால் அது ஆய்வுக்காகக் குறியிடப்பட்டது. மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம், எந்தக் கால், எழுத்து தெரிகிறதா என்பதை அப்போதே எழுதி, படமும் எடுத்து, காப்பகத்தில் தெரிவியுங்கள். பறவைகளின் உடலில் கண்காணிப்புக் கருவி பொருத்திச் செய்த ஆய்வால்தான் இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் பவளக்காலிகளில் சில இமயமலையைத் தாண்டிப் பறக்கின்றன என்று தெரியவந்தது. அந்த ஆய்வு 2020இல் வெளியானது.

பெரிய வெள்ளை நாரைகள் நின்றால் அவசரப்பட்டுப் பெயரெழுத வேண்டாம். பால்நிற நாரைகள் இங்கே உண்டு, ஆனால் மஞ்சள்மூக்கு நாரையோடு கலந்த கலப்பினங்களும் உண்டு. வேடந்தாங்கலில் பார்த்த அதே மஞ்சள்மூக்கு நாரைதான். மார்பில் கரும்பட்டையின் சாயலோ சிறகில் இளஞ்சிவப்போ தெரிந்தால் கலப்பினம் என்று ஐயப்படுங்கள்.

மரங்கள்: வேரைப் பார்த்தால் பெயர் தெரியும்

சேற்றில் காற்று இல்லை. அதனால் ஒவ்வொரு மரமும் மூச்சு விட ஒரு வழி வைத்திருக்கிறது, அந்த வழிதான் அடையாளம். பென்சில் நட்டதைப் போல நூற்றுக்கணக்கில் மெல்லிய வேர்கள் நிமிர்ந்திருந்தால் அப்பி-அப்பி, நம் வெண்கண்டலின் இனம். அதன் இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். மழையில்லாத நாளில் இலைமேல் உப்புப் படிந்திருப்பதைக் குனிந்து பார்த்தால் காணலாம், உறிஞ்சிய உப்பை அது இலைவழி வெளியேற்றுகிறது. பறிக்க வேண்டாம், பாதையோரக் கிளையே கண்மட்டத்தில் இருக்கும். தண்டிலிருந்து வில்லாக வளைந்து இறங்கும் தாங்குவேர்கள் இருந்தால் பாக்காவ், பிச்சாவரத்தில் சுரபுன்னை என்பார்கள். அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து நீண்ட கோலாகிவிடும், பிறகுதான் கீழே விழும். மடித்த முழங்கால் போன்ற வேர்கள் புருகியேரா இனத்துக்கு. அந்த இனத்தில் மிக அரிய வகையான பெருஸ் மாத்தா புவாயா உலக அளவிலேயே அழிவின் விளிம்பில் உள்ள மரம். சிங்கப்பூரில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

தில்லை மரமும் இங்கே உண்டு. மலாயில் பூத்தா-பூத்தா. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான அதே மரம்தான். உடைந்த கிளையிலிருந்து வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். கிளையை ஒடிக்காதீர்கள், பிள்ளைகள் இலையைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காமல் சுத்தமான நீரால் நிறையக் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நீப்பா பனையை ஆற்றோரம் காணலாம். ஐஸ் கச்சாங் என்ற பனிச்சீவல் இனிப்பில் வரும் அத்தாப் சீ அதன் பிஞ்சு விதைதான்.

சேற்றில்

நடைபாலத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உங்கள் காலடி அதிர்வில் வளைக்குள் ஓடியவை இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பிவரும். முதலில் பிடிலர் நண்டு: ஆணின் ஒரு கொடுக்கு மட்டும் பெரிது, அதை மேலும் கீழும் ஆட்டும். பிறகு சேற்றுத்தாவிகள். அவற்றில் பெரியது ஓரடி நீளத்துக்கும் சற்றே குறைவாக, கண்ணிலிருந்து வால்நோக்கி ஓடும் கரும்பட்டையோடு இருக்கும். தன் குட்டைக்கு விளிம்பு கட்டி அதன் நடுவில் கிடக்கும். வாயால் சேற்றை அள்ளி வந்து விளிம்பில் உமிழ்வதைப் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். எரிமலை போலக் குவிந்த சேற்றுமேடுகள் சேற்று இறாலின் வேலை. அதை நேரில் பார்ப்பது அரிது, மேட்டை மிதிக்காமல் இருந்தால் போதும். நீர் ஏறும்போது பாலத்தின் கீழே வில்லாளி மீன்கள் வரும், இலையில் இருக்கும் பூச்சியின்மேல் வாயால் நீரைப் பீய்ச்சி வீழ்த்தும்.

இலைகளுக்கிடையே கையை வைக்கும் முன் கண்ணை வைக்கவும். கரையோர விரியன் பகல் முழுதும் கிளையில் அசையாமல் சுருண்டிருக்கும். அது நச்சுப் பாம்பு.

முதலை

உவர்நீர் முதலைகள் இங்கே காட்டு விலங்குகளாகவே வாழ்கின்றன, நீரிணையில் தாமாக நீந்தி வருபவை. பெரிய பாலத்திலிருந்து சுங்கை பூலோ புசார் ஆற்றைப் பார்ப்பதுதான் பாதுகாப்பான, நல்ல இடம். நீரில் நெளிந்து போவது எல்லாம் முதலை அல்ல. தலையைத் தூக்கி, கழுத்துக் குறுகி, நாக்கை நீட்டி நீட்டி நீந்தினால் நீர் உடும்பு. மூக்கும் கண்மேடும் மட்டும் வெளியே தெரிய, கட்டைபோல மிதந்தால் முதலை.

நீரோரத்தில் இறங்கவே கூடாது. பாதையில் குறுக்கே கிடந்தால் நின்று, முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, மெதுவாகப் பின்வாங்குங்கள். படத்துக்காகச் சுற்றிப் போய் அதன் நீர்வழியை மறிக்காதீர்கள், நீருக்குத் திரும்ப வழி இல்லை என்றால் அது தாக்கக்கூடும். பிறகு காப்பக ஊழியரிடமோ தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணான 1800-476-1600க்கோ சொல்லுங்கள். நீர்நாய்க் குடும்பம் குட்டிகளோடு வந்தாலும் இதே விலகல் வேண்டும்.

சட்டம்

வனவிலங்குக்கு உணவிடுவது குற்றம். முதல் தடவை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை. காப்பகத்திலிருந்து செடி, சிப்பி, நண்டு எதையும் எடுத்தால் 50,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். வீட்டுப் பிராணி, சைக்கிள், மீன்பிடித்தல், அனுமதியற்ற டிரோன் எதற்கும் இடமில்லை. சாமிக்கு என்று மீன், ஆமை விடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். கடை மீனும் ஆமையும் இந்த உவர்நீரில் பெரும்பாலும் செத்துப்போகும், பிழைத்தால் இங்குள்ளவற்றின் உணவைத் தின்னும். அதுவும் சட்டத்துக்குப் புறம்பானதே.

திரும்பிய பின்

காலணி அடியில் ஒட்டிய சேற்றோடு வேறொரு காட்டுக்குப் போகாதீர்கள், விதைகளும் சேர்ந்து பயணிக்கும். பார்த்தவற்றைப் பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் பதியும்போது நேரத்தோடு அன்றைய ஏற்றத்தின் மணியையும் உயரத்தையும் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த முறைக்கு நாள் தேர்ந்தெடுக்க அந்த ஒரு வரி உதவும். கூடு, குஞ்சு, பகலில் தூங்கும் ஆந்தை ஆகியவற்றின் இடத்தை மட்டும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். மறுநாளே அந்த மரத்தடியில் முக்காலிகள் வரிசைகட்டி நின்றால், தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாது.